பதினேழாவது தாள்

கட்டில் கடைசியாக இருந்த பதினேழாவது தாளைப் புரட்டியதும் கணக்கு வாத்தியாரின் சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது. மேலே பெயர், வகுப்பு, தேதி எல்லாம் முத்து முத்தாக. கீழே ஒரு பொட்டு மை இல்லை.

கடைசி பெஞ்சு ஆசாமி யாராவது என்றால், பெரிதாக ஒரு முட்டையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார். இது புள்ளியின் தாள். ஆள் தம்மாத்துண்டு என்பதால் அந்தப் பட்டப்பெயர். கணக்கில் மட்டும் வாத்தியாருக்கே திருத்தம் சொல்வாள். வாரா வாரம் நடக்கும் பயிற்சித் தேர்வின் தாள்களை அவள் தலையில் கட்டித் திருத்தச் சொல்லிவிட்டு, மனிதர் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

தேர்வுக்குக் காவல் இருந்த விளையாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். "புள்ளிக்கு என்ன, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருந்தா. பேரை எழுதினதோட பேனாவை மூடிட்டா சார். மூணு மணி நேரமும் ஒவ்வொருத்தர் முகமா மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. பிரமை பிடிச்ச மாதிரி. ரெண்டு தடவை அதட்டிக்கூடப் பார்த்தேன்."

காரணம் கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். நமக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, இந்தத் தெருவில் எதைத்தான் கடைசிவரை மூடி வைக்க முடிகிறது?

அந்தப் பள்ளியில் கணக்கு நடத்த ஆளே கிடையாது. பின்தங்கிய பள்ளிகளில் கணக்கை வளர்க்கப்போகிறோம் என்று ஓர் அறக்கட்டளை மானியம் கொடுத்த பிறகுதான் இவர் வந்து சேர்ந்தார். மானியத்தின் நிபந்தனை அலுவலகப் பலகையில் எல்லாரும் படிக்கும்படி தொங்குகிறது: பருவத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பின் சராசரி நாற்பதைத் தொட்டுவிட்டால், பள்ளி தேறிவிட்டது என்று பொருள், மானியம் நின்றுவிடும்.

அதாவது, பிள்ளைகளுக்குக் கணக்கு வந்துவிட்டால் வாத்தியாருக்குச் சீட்டுக் கிழியும். பழையபடி விளையாட்டு வாத்தியார்தான் விசிலும் கையுமாக வந்து வாய்ப்பாடு நடத்துவார்.

போன பருவத்தில் சராசரி நாற்பதைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு, 'படிகள் போதாது', 'விளக்கம் இல்லை' என்று ஆளுக்குக் கொஞ்சமாக மதிப்பெண்ணை வெட்டினார். பெரிய வெட்டு புள்ளிக்கு. அவளுடைய தொண்ணூற்றேழு முப்பத்தெட்டானது. நிறைய வைத்திருப்பவளிடம்தானே நிறைய எடுக்க முடியும்!

இன்றைக்கும் அதே காரியத்துக்குத்தான் உட்கார்ந்திருந்தார். பதினாறு பேரின் சராசரி நாற்பத்திரண்டில் வந்து நின்றிருந்தது. இனி வெட்டுவதுதான் பாக்கி. அப்போதுதான் இந்த வெறுந்தாள்.

"பாவி, நல்லாப் படிக்கிற பிள்ளை மனசைக் கெடுத்துட்டேனே!" என்று முனகியபடி தாள்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். நேரே போய் நின்றது, புள்ளியின் அம்மா நடத்தும் தையல்கடையில்.

அம்மா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "வாங்க சார். இவ லட்சணத்தைச் சொல்லத்தானே வந்தீங்க? போன தடவை முப்பத்தெட்டு. இந்தத் தடவையும் இப்படியே வாங்கினா பள்ளிக்கூடம் போனது போதும், என்கூட மெஷின்ல உட்காருன்னு சொல்லிட்டேன்."

உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்த புள்ளி தலையைத் தூக்கவில்லை.

"அது முப்பத்தெட்டு இல்லம்மா," என்றார் வாத்தியார். "தொண்ணூத்தேழு. நான்தான் வெட்டினேன். மானியம் நின்னா என் வேலை போயிடுமேன்னு..."

மெஷின் நின்றது. எதிர்க்கடையில் பேச்சும் நின்றது.

"எம் பொண்ணு மார்க்கை வெட்டித்தான் உங்களுக்கு வேலையா? அந்த முப்பத்தெட்டுக்கு இவளை நான் என்னென்ன பேசினேன்னு தெரியுமா?" அம்மாவின் கை கத்திரிக்கோலைத் தேடியது. "நீங்க தைக்கக் கொடுத்த இந்தச் சட்டையை நாலா வெட்டி, துணி போதாதுன்னு சொன்னா நீங்க சும்மா போவீங்களா சார்?"

"தாராளமா வெட்டுங்கம்மா." வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பண்ணினதுக்குத்தான் இவ மனசு உடைஞ்சு வெறுந்தாளைக் கொடுத்துட்டா. நடந்தது எல்லாத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிடுறேன். வேலை போனாப் போகட்டும். புள்ளி, இன்னொரு தடவை பரீட்சை வைக்கிறேன், எழுதுவியாம்மா?"

புள்ளி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒரு மூச்சு அழுது தீர்ப்பாள் என்று எதிர்க்கடைக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"மனசெல்லாம் ஒண்ணும் உடையல சார். போன தடவையே எல்லார் தாளையும் வாங்கிக் கூட்டிப் பார்த்துட்டேன். ஒருத்தரையும் நீங்க விட்டு வைக்கல."

வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"இந்தத் தடவை யாரையும் வெட்டாதீங்க சார். வாரா வாரம் திருத்துற எனக்கு யாருக்கு எவ்வளவு வரும்னு தெரியாதா? நான் ஒருத்தி முட்டை வாங்கினாலே சராசரி முப்பத்தொம்பதரைதான் வருது."