கழற்றிக் கொண்டுவந்த கைப்பிடி

“இது உன் கைக்குச் செஞ்சது இல்லையே!”

மேஜைமேல் நெட்டை வைத்த கைப்பிடியை எடுத்த உடனேயே சொல்லிவிட்டாள் பட்டறைக்கார அக்கா.

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கையை அச்செடுத்து, அந்தந்தக் கைக்கென்றே ரப்பர் கைப்பிடி வார்த்துத் தருவது அவள் தொழில். முகத்தை மறந்தாலும் மறப்பாள். ஒரு தடவை அச்செடுத்த கையை மறக்கமாட்டாள்.

“உன் விரல் இந்தப் பள்ளத்துல பாதிகூடப் போகாது. இது வாண்டுவோட கிரிப்.”

“ஆமாக்கா, அவளோடதுதான்.”

நெட்டையும் வாண்டுவும் பந்தயப் பாதையில் எலியும் பூனையும். ஒரு தடவை இவள் ஜெயித்தால் மறு தடவை அவள். நேருக்கு நேர் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் இறுதிப் பந்தயம்.

“உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

நெட்டை ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே தன் சைக்கிளுக்கும் கைப்பிடி செய்துகொள்ள வந்த ஒரு பல் டாக்டர், வெதுவெதுப்பான அச்சு மாவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மாவு இறுகும்வரை அசையக் கூடாது. கைதான் அசையவில்லை, காது இரண்டும் இங்கேதான் இருந்தன.

“கழட்டிட்டு வந்தேன்” என்றாள் நெட்டை.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அக்காவுக்குச் சுரீரென்று கோபம் தலைக்கேறியது. “அப்போ இதுக்குப் பேர் என்ன? திருட்டுதானே?”

நெட்டை பேச்சை மாற்றினாள். “அவ அச்சு உங்ககிட்ட இருக்குமே. கொஞ்சம் எடுங்களேன்.”

“எதுக்கு? திருடினது பத்தாதுன்னு காப்பி வேற அடிக்கணுமா?”

“விளையாட்டுக்கு முதல்ல நேர்மை வேணும்மா” என்றார் பல் டாக்டர். கையை ஆட்டிப் பேச முடியாததால் தலையை இரண்டு மடங்கு ஆட்டினார். “ஜெயிக்கணும்னா ஓட்டி ஜெயி. அடுத்தவ வண்டியில கை வைக்கிறது என்ன புத்தி?”

“நல்லாச் சொல்லுங்க டாக்டர்! என் கிரிப்பை நம்பித்தான் அந்தப் பொண்ணு அவ்வளவு செங்குத்தான பாதையில பயமில்லாம இறங்குறா. அது இவளுக்குப் பொறுக்கலை.”

“அக்கா, அவர் போனப்புறம் பேசலாமே.”

“ஏன், நாலு பேருக்குத் தெரிஞ்சா அவமானமா இருக்கா? எதுவா இருந்தாலும் அவர் முன்னாடியே சொல்லு.”

நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குனிந்த தலையோடு இல்லை. நேராக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்தாள். அது அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாக மாவு இறுகியது. டாக்டர் கையை உருவிக்கொண்டு எழுந்தார்.

“நான் ஊர்ப் பல்லுக்கெல்லாம் அச்செடுக்கிறவன். என்கிட்டேயே நீங்க அச்செடுத்துட்டீங்க. பிரமாதம்!” என்றவர், வாசலில் நின்று நெட்டையிடம் திரும்பினார். “நாளைக்கு மைதானத்துல எல்லார்கிட்டயும் இதைச் சொல்லத்தான் போறேன்.”

“சரிங்க சார்.”

கதவு சாத்திக்கொண்டது.

நெட்டை எழுந்து வந்தாள். மேஜையில் அளவு பார்ப்பதற்காகப் பொருத்தியிருந்த ஹேண்டில்பாரில் வாண்டுவின் கைப்பிடியை மாட்டி, ஓரத்து வளையத்தின் திருகை இறுக முடுக்கினாள். பிறகு பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள்.

வளையம் அசையவில்லை. ரப்பர் மட்டும், ஈரச் சோப்பு மாதிரி, வழுக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தானே ஒரு தடவை முறுக்கிப் பார்த்தாள். உள்ளே இருக்கும் குழாயில் ரப்பர் ஒட்டவே இல்லை. வார்ப்பதற்கு முன்னால் குழாயில் பசை தடவுவது அவள் வேலை. அதை இன்னொருவர் தலையில் கட்ட வழியே இல்லை.

“வாண்டு சைக்கிள் வழியில சாஞ்சு கிடந்துச்சு. நகர்த்தி வைக்கலாம்னு பிடிச்சேன், கையோட சுத்திடுச்சு. இறக்கத்துல இப்படிச் சுத்தினா அவ பள்ளத்துலதான் கிடப்பா. நான் போய்ச் சொன்னா நம்புவாளா? பந்தயத்துக்கு முன்னாடி பயமுறுத்துறேன்னு நினைப்பா. அதான் கழட்டிட்டு நேரா இங்க வந்துட்டேன். அவ அச்சுல உடனே வேற ஒண்ணு செஞ்சு நீங்களே அவகிட்ட கொடுத்துடுங்க.”

அக்கா நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உன்னை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்! அந்த மனுஷன் வேற நாளைக்கு உன்னைத் திருடின்னு சொல்லப் போறாரு.”

நெட்டை சிரித்தாள்.

“சொல்லட்டும்க்கா. நாளைக்கு நான் மலையிலேருந்து இறங்குறதைப் பார்த்தா அதெல்லாம் மறந்துடுவாங்க. உங்க கிரிப் சுத்துதுன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா, அதை யாரும் மறக்கமாட்டாங்க. அதான் அவர் போகட்டும்னு உட்கார்ந்திருந்தேன்.”

“வாங்கினவங்க எல்லாரையும் இன்னிக்கே கூப்பிட்டுப் பார்க்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அக்கா எழுந்தாள். போய்க் கதவை விரியத் திறந்தாள். தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர் முனை திரும்பிக்கொண்டிருந்தார்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

“டாக்டர்! கொஞ்சம் திரும்பி வாங்க. நான் செஞ்ச கிரிப் சுத்துது, வந்து நீங்களே உங்க கையால முறுக்கிப் பாருங்க!”