நொலீனுக்கு எட்டும் உயரம்

ஆஸ்திரேலியாவின் டூவூம்பாவில், தன் ஜீப்பின் பின்புறத்தில் மூன்றாவது முறையாக ஃப்ரிட்ஜைக் கழற்றி மாட்டியிருந்தான் ட்ரெவர். இந்த முறையும் குறை கண்டுபிடித்தால் நொலீன் பாலைவனப் பயணத்துக்கு வரமாட்டாள். அவள் இல்லாமல் போக அவனுக்கு மனமில்லை.

"முதல்ல மூடி தப்புப் பக்கம் திறந்துச்சு. அப்புறம் எனக்கு எட்டவே இல்லை. இன்னைக்கு என்ன வச்சிருக்கே?" என்றாள் நொலீன்.

"இழுத்துப் பாரு, மகாராணி."

ஒற்றை விரலால் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்த ஃப்ரிட்ஜ், அவள் இடுப்பளவுக்குத் தாழ்ந்து நின்றது. பக்கத்தில் அவனே இழைத்துச் செய்த மர டிராயரில் அவளுடைய டீ டப்பாவுக்கென்றே ஒரு கச்சிதமான குழி.

"என் டப்பாவை எப்போ அளந்தே?"

"நீ துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தப்போ."

நொலீன் சிரித்துவிட்டாள். "சரி, வர்றேன்."

ட்ரெவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா டிராயரையும் இழுத்து இழுத்து மூடினான்.

"நான் போய்த் துணிமணி எடுத்து வைக்கறேன்" என்ற நொலீன், வேலிக் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள். வாசற்படியில் ஏறித் திரும்பினாள்.

"ஆறு வருஷமா உனக்குப் பக்கத்து வீட்டுக்காரியாவே இருந்துட்டேன், ட்ரெவர். கல்யாணம் பண்ணிக்கறியான்னு பாலைவனத்துலயாவது வாயைத் திறந்து கேளு. அங்கயும் மரத்தை இழைச்சுக்கிட்டு நிக்காதே."