களஞ்சியத்துக் காவல்

பாறை மேல் இடிந்து கிடக்கும் கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஓர் அணில் வந்தது. தானியக் களஞ்சியத்தின் வாசலில் ஒரு தாய் எலி வழிமறித்தது.

"நில்லுடி. அரசர் நெல்லு இருக்கிற இடம். கண்டவளும் நுழைய முடியாது."

அணில் எட்டிப் பார்த்தது. உள்ளே வெறும் தூசிதான். மூலையில் எலும்பும் தோலுமாக இரண்டு குட்டிகள்.

"நெல்லு எந்தக் காலத்திலேயோ தீர்ந்துபோச்சு, அக்கா. கோட்டை பார்க்க வந்தவங்க முற்றத்துல பொரி சிந்திட்டுப் போயிருக்காங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அரண்மனை நெல்லு தின்ன வம்சம்டி நாங்க. சிந்தினதைப் பொறுக்கவா?"

பொரி என்றதும் சின்னக் குட்டி வாசலுக்கு ஓடி வந்தது. தாய் அதன் காதைக் கடித்து உள்ளே இழுத்துப் போட்டது.

"நீ போயிட்டா களஞ்சியத்தை யாரு பார்த்துக்கிறது?"

அணிலுக்கு மனசு கேட்கவில்லை. மறு வாரம் வாய் நிறையப் பொரியோடு வந்தது. தாய் வாசலிலேயே செத்துக் கிடந்தது. மூத்த குட்டி உள்ளே செத்துக் கிடந்தது.

காது கிழிந்த சின்னக் குட்டி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து வாசலை மறித்தது.

"நில்லுடி," என்றது. "அரசர் நெல்லு இருக்கிற இடம்."