நாற்பத்திரண்டாவது குரல்

கான்ஸ்டபிள் ஜெசிந்தாவின் சொல்லை நம்பித்தான் அந்தப் பெண் கைப்பேசியைத் திறந்து கொடுத்தாள்.

"சும்மா பாத்துட்டுக் குடுத்துருவோம்மா."

காக்கிச் சீருடைதான். ஆனாலும் பெண் குரல். அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பெண் அமுதவல்லி. நூல் மில்லில் வேலை. மயங்கி விழுந்த தோழியை ஷிஃப்ட் முடியும்வரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று இரண்டு நிமிட வீடியோ போட்டிருந்தாள். ஊரே பார்த்தது. பொய்த் தகவல் பரப்புகிறாள் என்று மில் நிர்வாகம் புகார் கொடுத்தது.

"என்னைய என்ன வேணா கேளுங்கக்கா. போன்ல மத்த புள்ளைக பேசுனது இருக்கு. அது மட்டும் வெளிய போயிரக் கூடாது."

போகாது என்று ஜெசிந்தா தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் அவளும் அதை நம்பினாள்.

நாற்பத்தொரு குரல் பதிவுகள். வீடியோவைப் பார்த்துவிட்டு மில் பெண்கள் அனுப்பியவை.

"ஒண்ணு விடாம எழுதுங்க. பேரு, நம்பர், என்ன சொல்லுதுக" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புகார் அந்த வீடியோ மேலதான சார். இதுக்குக் கோர்ட் ஆர்டர்..."

"அதெல்லாம் பின்னாடி வாங்கிக்கலாம். ரகசியம்னா எதுக்குப் போன்ல பேசணும்?"

ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஒருத்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் சூப்பர்வைசரின் பெயர் கேட்டது.

ஒருத்தி தன் பெயரைச் சொல்லிவிட்டு, ஐயோ, பேரைச் சொல்லிட்டேனே என்றாள்.

ஒருத்தி பேசவே இல்லை. பதினெட்டு வினாடி அழுதுவிட்டு நிறுத்திவிட்டாள்.

என்ன சொன்னாள் என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று ஜெசிந்தா தட்டினாள்.

வேகமாகத் தட்டச்சு செய்பவள் என்று ஸ்டேஷனில் அவளுக்குப் பெயர். அன்றும் ஓர் எழுத்துப்பிழை இல்லை.

"ரெண்டு காப்பி எடுங்க."

ஒன்று கோப்புக்குள் போனது. இன்னொன்றை மடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வெளியே போனார்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் மில் மேனேஜரின் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஏறியது.

இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஜெசிந்தாவுக்கு யாரிடமாவது புகார் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

புகார் வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவளே அவள்தான்.

மூன்று மணிக்கு அமுதவல்லியைப் போகச் சொன்னார்கள். கைப்பேசி வழக்கு முடியும்வரை இங்கேதான். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இருந்ததால பயமில்லாம இருந்துச்சுக்கா."

ஜெசிந்தா ரசீதின் தேதியைச் சரிபார்த்தாள். மறுபடியும் சரிபார்த்தாள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, உறையில் போட்டுச் சீல் வைக்கக் கைப்பேசியை எடுத்தாள்.

அது கையில் அதிர்ந்தது.

பட்டியலில் இல்லாத எண்.

'அக்கா நான் மில் ஹாஸ்டல் மாடி ரூம் பொண்ணு. உங்க வீடியோ பாத்தேன். எனக்கும் ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?'

யோசிக்கும் முன்பே விரல் அதைத் திறந்துவிட்டது. செய்திக்குக் கீழே இரண்டு டிக்குகளும் நீலமாகியிருக்கும். அக்கா படித்துவிட்டாள் என்று அங்கே தெரிந்திருக்கும்.

வேண்டாம்.

நான்கே எழுத்து. அடித்து அனுப்பிவிட்டு உடனே அழித்துவிடலாம். அழித்த தடமும் நிற்கும் என்று போன மாதப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாட்சியத்தில் கை வைத்தவள் வேலையில் நிற்க முடியாது என்றும்.

விரல் திரைக்கு மேலே நின்றது.

"என்னம்மா, இன்னும் முடியலையா?" இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து கேட்டார்.

"முடிஞ்சுது சார்."

திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்துகள் தோன்றின.

ஒலிப்பதிவு செய்கிறார்...

அங்கே, அந்தப் பெண் பேசத் தொடங்கியிருந்தாள்.