மூன்றாவது கேன்

மோட்டார் கொட்டகையில் மூன்று கேன்கள் இருக்கவேண்டும். ஒன்றுதான் இருந்தது. அது அவளுடையது இல்லை.

வித்யாலக்ஷ்மி கொட்டகையை மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்தாள்.

மூன்றில் இரண்டு அவள் கணவர் ஹரிஹரசுப்ரமணியனுடையவை. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இயற்கை விவசாயத்தில் இறங்கியவர். கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு கரைத்துப் புளிக்கவைத்து, பழக்காடி என்று பயிருக்குத் தெளிப்பார். மூன்றாவது கேனில் இருந்ததும் அதே கொல்லைத் தாரின் பூவன் பழம்தான். வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை, கொஞ்சம் கிராம்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட்.

வாழைப்பழ ஒயின். வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீட்டில்!

கேனோடு கேனாக வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள்.

பெண் ஸ்ரீரஞ்சனி, வேளாங்கண்ணிப் பக்கத்து லூர்துராஜைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் அவள் பெயரை எடுப்பதில்லை. தலை தீபாவளிக்கு அழைக்கலாமா என்று கேட்டதற்கு, எழுந்து வயலுக்குப் போய்விட்டார். பெண் அதற்காகப் போனில் அழக்கூட இல்லை. அதுதான் வித்யாவுக்குத் தாங்கவில்லை.

சரி, தலை தீபாவளிதான் போயிற்று, தலை கிறிஸ்துமஸாவது இருக்கட்டும். அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின் இல்லாமல் விருந்தே கிடையாதாம். பிறந்த வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் வந்தது என்றால் பெண்ணுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு!

நாளைக்குக் கிறிஸ்துமஸ். இனிமேல் புதிதாக ஒன்றைப் புளிக்கவைக்க முடியாது.

ராத்திரி சாப்பிடும்போதே அவர் சொன்னார், கதிர் பால் பிடிக்கிறது, காலையில் பழக்காடி அடித்துவிட வேண்டும் என்று. அப்போதே ஓடிவந்து கேனை நகர்த்தியிருக்க வேண்டாமா? மோர் ஊற்றிக்கொண்டு நின்றாளே, மண்டு.

இருட்டிலேயே வயலுக்குக் கிளம்பிப் போகிறவர். இந்நேரம் பாதி அடித்து முடித்திருப்பார்.

செருப்பைக்கூட மாட்டாமல் வரப்பில் ஓடினாள். மார்கழிப் பனியில் கால் வழுக்கியது. தூரத்தில் சம்பாப் பயிருக்கு மேலே பனியோடு பனியாக மருந்துச் சாரல் பறந்துகொண்டிருந்தது. போயிற்று. பாவி மனுஷர், பெண்ணுக்கென்று பொத்திப் பொத்தி வைத்ததை நெல்லுக்கு ஊற்றிவிட்டார். அழுகை முட்டியது. இத்தனை பயிரும் தள்ளாடுமோ என்று நடுவில் ஒரு கேடுகெட்ட சிரிப்பும் வந்தது.

கிட்டே போனால், ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றது அவர் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் கண்ணாத்தாள்.

வித்யா வரப்பில் இருந்த கேனைத் திறந்து முகர்ந்தாள். வெல்லப் புளிப்பு. பழக்காடியேதான்.

அப்படியானால் இன்னொரு கேன்? மூச்சு வாங்க, அதையும் ஐயாவையும் சேர்த்தே விசாரித்தாள்.

“நான் எறங்குன பஸ்லதாங்கம்மா ஐயா ஏறுனாங்க, நாகப்பட்டினம் போற பஸ்சு. கேன கீழ வைக்க மாட்டேன்னுட்டு மடியிலயே வச்சிக்கிட்டாங்க. ஒரு பையில புது வேட்டி சட்டை வேற, மாப்பிள்ளைக்காம்.”

வித்யா ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளையாம்! தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வருகிறாயா என்று கேட்கவில்லை. வரட்டும், இருக்கிறது அவருக்கு. கோபம் கோபமாக வந்தது. பஸ் இந்நேரம் எங்கே போயிருக்கும், சம்பந்தி வீட்டு வாசலில் இந்த மனுஷர் என்ன பேசுவார், அவரைப் பார்த்ததும் பெண் என்ன செய்வாள் என்று மனது ஓரிடத்தில் நில்லாமல் ஓடியது.

“இன்னும் வடிகட்டவே இல்லையே, கண்ணாத்தா” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.