கறுப்புப் பட்டை

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா, நாளையிலேருந்து கோட்டையடிக் கிணத்துத் தண்ணி நீதான் தூக்கணும்” என்று செஞ்சியில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார் சிராஜுதீன். மனைவி மெஹபூப் பீயின் முட்டிவலியை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

பாண்டிச்சேரி டாக்டர் அவள் முழங்காலைப் புது மெஷினில் பார்த்துவிட்டு, ஒத்துப் பார்க்க நல்ல முட்டி ஒன்று வேண்டுமென்றார்.

“என்னுது இருக்குதே, கல்லு மாதிரி!” கைலியைத் தூக்கிக்கொண்டு படுத்தார் சிராஜுதீன்.

இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் எலும்பின்மேல் தடித்த கறுப்புப் பட்டை. மற்றதில் அது இல்லை.

“கறுப்பு யாருது டாக்டர்?”

“உங்களுது.”

சிராஜுதீன் திடுக்கிட்டார். உடனே, படம் எடுத்து முடித்து வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கேட்கும்படி கத்தினார். “பாத்தியாடி? நோவு எனக்கு! நான் வாயத் தொறந்தனா? உனக்கு ஒண்ணுமே இல்ல!”

டாக்டர் கதவைச் சாத்தினார்.

“பாய், அந்தக் கறுப்புதான் குருத்தெலும்பு, மூட்டுக்கு மெத்தை. உங்களுக்கு நல்லா இருக்குது. அவங்களுத முடக்குவாதம் தின்னுடுச்சு. எலும்போட எலும்பு உரசுது. எப்படித்தான் நடக்குறாங்களோ!”

சிராஜுதீன் தலைகுனிந்தபடி வெளியே வந்தார். பெஞ்சில் இடமில்லை.

மெஹபூப் பீ சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“இத்தினி நாளா ஏங்க சொல்லல? நீங்க உக்காருங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியாமே.”