தள்ளி நில்லும்

"அடேயப்பா! இது உங்கடை தோட்டமே, மாஸ்டர்?"

சாவகச்சேரியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் கீர்த்திகன், தியாகராசா மாஸ்டரின் ஃபோனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாம் சூரியன் சாயும் மைம்மல் பொழுதில் எடுத்தவை. சிவந்த வானம், செவ்வரத்தை, தண்ணீர் பாய்ந்து மினுங்கும் பாத்திகள்.

"எதைப் பெருப்பிக்கிறது?"

"பெருப்பிக்க வேண்டாம். அழிச்சதைத் திருப்பி எடுக்கேலுமோ?"

"எதை அழிச்சனீங்கள்? வாளியையோ?"

"என்ரை மனிசியை."

வெளிச்சம் சரியாக வாய்க்கிற நேரம் பார்த்துத்தான் ஞானாம்பிகை தண்ணீர்க் குழாயோடு செடிகளுக்குள் வந்து நிற்பாள்.

"தள்ளி நில்லுமப்பா, படத்தின்ரை வடிவு கெடுது."

"நிண்டால் என்ன? பிறகு விரலாலை தேய்ச்சு அழிக்கத்தானே போறியள்!" என்று சிரிப்பாள்.

அவரும் அப்படியே செய்வார். அவள் நின்ற இடம் தெரியாமல் இலைகள் வந்து மூடிக்கொள்ளும்.

"அழிக்காத படம் ஒண்டும் இல்லையோ?" என்று கீர்த்திகன் கேட்டான்.

"ஃபோன் நிரம்புதெண்டு எல்லாத்தையும் எடுத்து எறிஞ்சுபோட்டன், தம்பி. பார், ஏதும் செய்யேலுமோ எண்டு."

கீர்த்திகன் சிரித்துவிட்டான்.

"இதுக்கே இந்தக் கவலை? போனது வராது, மாஸ்டர். இண்டைக்குப் பின்னேரம் அன்ரியை அதே இடத்திலை நிப்பாட்டி வடிவா ஒண்டு எடுப்பம். நான் வாறன்."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஞானாம்பிகையின் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாற கிழமை அவவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, தம்பி. மாலை போட இது ஒண்டுதான் இருக்கு. இதிலை அவ சிரிக்கேல்லை."